நீங்கள் திருத்திய சுயவிபரக் கோவை தொடர்பான முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2025.09.02

முகாமையாளர் அவர்களுக்கு,

கடந்த ஜூலை மாதம் உங்கள் முகவர் நிலையத்தின் மூலம் என் தொழிலுக்கு ஓர் உதவியாளரை எடுத்தேன். அதில் நடந்த பிழை பற்றி மூன்று தடவை தொலைபேசியில் பேசிவிட்டேன். மூன்று தடவையும் "பதிவு செய்திருக்கிறோம், திரும்ப அழைப்போம்" என்றார்கள். ஒருவரும் அழைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஒன்பது வருடமாக மணவறை அலங்காரம் செய்து வருகிறேன். கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் போவோம். அலங்காரம் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு முடியாமல் போனது மற்ற வேலைகள்தான். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். ரொறன்ரோவில் இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு அழைப்பார்கள், இங்கே காலை ஏழரை. அதே நேரம் லொறிக்காரர் வாசலில் நிற்பார், பூ கொண்டுவருபவர் காசு கேட்பார், மண்டபத்திலிருந்து முற்பணம் கேட்டு அழைப்பு வரும். கனடாக்காரரோடு தமிழில் பேசவேண்டும். லொறிக்கும் பூவுக்கும் மண்டபத்துக்கும் சிங்களம் இல்லாமல் ஆகாது. ஹோட்டல்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதவேண்டும். கொழும்பில் இந்தத் தொழிலில் மூன்று மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் நாள் ஓடாது. இதை உங்கள் படிவத்தில் எழுதினேன், நேரில் வந்தும் சொன்னேன். "மூன்று மொழியிலும் நாங்களே பரீட்சை வைத்துத்தான் அனுப்புவோம், நீங்கள் யோசிக்கவே வேண்டாம்" என்றார் உங்கள் அலுவலர். ஒரு மாதச் சம்பளமான 65,000 ரூபாவைக் கட்டணமாக ஜூலை 11ஆம் திகதி வங்கியில் போட்டேன்.

14ஆம் திகதி அந்தப் பிள்ளை வேலைக்கு வந்தார். மட்டக்களப்புப் பக்கம், உயர்தரம் முடித்தவர். நல்ல கையெழுத்து, நல்ல ஞாபகம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் வட்ஸ்அப் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் திகதி வாரியாக எழுதி ஒழுங்குபடுத்தினார். ஆடி மாதம், கலியாணம் இல்லை. மண்டபக்காரரோடும் லொறிக்காரரோடும் பேசவேண்டிய கொஞ்ச வேலையை வழக்கம்போல நானே பார்த்துக்கொண்டேன். நான் அவரைத் தமிழில் மட்டும்தான் நேர்முகம் கண்டேன். அது என் பிழை. பரீட்சை வைத்தோம் என்ற உங்கள் வார்த்தையை நம்பியதால் வந்த பிழை.

ஆவணியில் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம். முதல் நாள் இரவு பத்து மணிக்கு மண்டபத்துக்குள் போக அனுமதி வாங்கியிருந்தோம். அன்று மத்தியானம் மண்டபத்திலிருந்து என் தொலைபேசிக்கு அழைப்பு. நான் துணிக்கடையில் நின்றேன், பிள்ளைதான் எடுத்தார். இரவு வேறொரு நிகழ்ச்சி நீண்டுபோகும், நீங்கள் விடிய ஐந்து மணிக்கு வாருங்கள் என்று அவர்கள் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு விளங்கவில்லை. "ஹரி, ஹரி" (சரி, சரி) என்று சொல்லி வைத்துவிட்டார். மணவறைத் தூண்கள் ஏற்றிய லொறியோடும் ஆறு ஆட்களோடும் இரவு முழுக்கத் தெருவில் நின்றோம். முகூர்த்தம் ஒன்பதுக்கு. ஐந்து மணிக்குத் தொடங்கி எப்படி முடித்தோம் என்று எனக்கே தெரியாது. பெண்ணின் தாய் மணவறையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். லொறிக்கும் ஆட்களின் இரவுக் கூலிக்கும் மேலதிகமாக 24,000 ரூபா என் கையால் போனது.

அடுத்த நாள் அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வந்து, "அக்கா, எனக்குச் சிங்களம் தெரியாது என்று நான் அவர்களிடம் முதலே சொன்னேன்" என்றார். தன் தொலைபேசியில், தானே எழுதி உங்களுக்கு அனுப்பிய சுயவிபரக் கோவையைக் காட்டினார். அதில் சிங்களத்துக்கு நேரே "ஆரம்ப நிலை" என்று இருக்கிறது. நீங்கள் எனக்குத் தந்த பிரதியில் அதே இடத்தில் "சரளம்". மற்ற எல்லா வரியும் ஒன்றுதான். இரண்டையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். "தமிழ்க் கடைதான், தமிழ் போதும், சமாளியுங்கள். சொன்னால் வேலை போய்விடும்" என்று உங்கள் அலுவலர் அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அதோடு முடியவில்லை. அவரிடம் பதிவுக் கட்டணம் என்று 15,000 ரூபா வாங்கியிருக்கிறீர்கள். ஆறு மாதம் வேலையில் நிற்கும்வரை என்று சாதாரண தர, உயர்தர மூலச் சான்றிதழ்களையும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதிகம் கோபம் வந்தது இதில்தான். ஒரு பிள்ளை ஊரிலிருந்து வந்து போர்டிங்கில் தங்கி, முதல் சம்பளம் வருமுன்பே உங்களுக்குக் காசு கட்டியிருக்கிறது. அதன் படிப்புக்கான ஒரே அத்தாட்சி உங்கள் அலுமாரிக்குள் இருக்கிறது. எந்த உரிமையில்?

நியமனக் கடிதம் எழுதும்போது, "சுயாதீன ஆலோசகர்" என்று போட்டால் ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்டத் தேவையில்லை என்று எனக்கும் யோசனை சொன்னீர்கள். நான் அதன்படி செய்யவில்லை. ஒரேயொரு ஊழியர் என்றாலும் கட்டவேண்டும். 65,000 ரூபாவுக்கு என் பங்கு 12 வீதம், 7,800 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 வீதம், 1,950 ரூபா. இரண்டையும் கட்டுகிறேன். இதே யோசனையை வேறு எத்தனை சிறு வியாபாரிகளுக்குச் சொன்னீர்களோ, அவர்களிடம் வேலை செய்கிற பிள்ளைகளை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

"அவரை நிறுத்துங்கள், 90 நாளுக்குள் என்பதால் வேறொருவரை இலவசமாக அனுப்புகிறோம்" என்றார் தொலைபேசியில் பேசியவர். எனக்கு வேறொருவர் வேண்டாம். இவர் என்னிடமே இருப்பார். பேச்சுச் சிங்கள வகுப்பில் சேர்த்துவிட்டிருக்கிறேன், காசு நான் கட்டுகிறேன். நல்ல ஆள் கிடைத்தார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நான் காசு கொடுத்தது உங்கள் பரீட்சைக்கு. அது நடக்கவேயில்லை. ஆகவே கட்டணத்தில் பாதி 32,500 ரூபாவையும், அந்த இரவுக்கான 24,000 ரூபாவையும் எனக்குத் திருப்பித் தாருங்கள். அவருடைய 15,000 ரூபாவை அவருடைய கணக்கிலேயே போடுங்கள். அவருடைய கோவையைத் திருத்தியதற்கு அவரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள்.

கட்டணம் அறவிடும் தொழில் முகவர் நிலையங்களை ஒழுங்குபடுத்தவென்றே 1956ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உங்கள் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் பதிலில் குறிப்பிடுங்கள். 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தை நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்திலும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிலும் நேரில் கையளிப்பேன்.

சான்றிதழ்களுக்கு மட்டும் 14 நாள் இல்லை. இந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவற்றை வாங்க வருவோம். அவரைத் தனியாக அனுப்பமாட்டேன், நானும் கூட வருகிறேன். எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
மணவறை அலங்காரச் சேவை உரிமையாளர்