மறுமை நம்பிக்கை: எங்கே பிரிகின்றன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவமும் இஸ்லாமும் மறுமையைப் பற்றி ஒன்றையே சொல்வதாகத் தங்கள் ஆன்மிக இணைப்பில் வந்த கட்டுரை முடித்துவிட்டது வருத்தமளிக்கிறது. இறந்தோர் எழுப்பப்படுவர், தீர்ப்பு நாள் உண்டு, இயேசு மீண்டும் வருவார் என்பவற்றில் இரண்டும் உடன்படுகின்றன. ஆனால் மீட்பு எதனால் என்ற கேள்வியில் பிரிந்துவிடுகின்றன. இயேசு சிலுவையில் உயிர் கொடுத்ததே மனிதரின் பாவத்துக்குப் பரிகாரம் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. இஸ்லாமோ, ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க முடியாது என்றும், அணுவளவு நன்மை தீமையையும் மனிதன் அந்நாளில் காண்பான் என்றும் குர்ஆன் வழியே கூறி, ஈமான் என்னும் இறைநம்பிக்கையோடும் நற்செயலோடும் அல்லாஹ்வின் கருணையை நாடச் சொல்கிறது.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நவம்பர் 2 அன்று கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் கத்தோலிக்கர், விண்ணகம் சேருமுன் ஆன்மாக்கள் தூய்மை பெறும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக மன்றாடுகின்றனர். புராட்டஸ்டண்ட் சபைகள் அப்படியோர் இடத்தை ஏற்பதில்லை. முஸ்லிம்களோ, கப்ர் என்னும் அடக்கக்குழியில் முன்கர், நகீர் என்னும் வானவர்கள் கேள்வி கேட்பார்கள் என நம்புகின்றனர். இவற்றை விளக்கி ஓர் ஆலிமும் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) ஓர் அருட்தந்தையும் எழுதத் தாங்கள் இடமளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை