மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வேளச்சேரி குடியிருப்பு நண்பர்களுக்கு வணக்கம். மைக்ரோவேவ் பற்றிக் குழுவில் வந்த கேள்விகளுக்குச் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன்.

முதலில் கரண்ட். 800 வாட் என்று போட்டிருப்பது உணவுக்குள் போகும் சூட்டின் அளவு. சுவரிலிருந்து அது இழுப்பது 1200 வாட் அளவில் இருக்கும். அதனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டவும் வேண்டாம்.

எவர்சில்வர் டப்பா, ஃபாயில், தங்கக் கரை போட்ட பீங்கான் தட்டு எதுவும் உள்ளே போகக்கூடாது, பொறி பறக்கும். ஹோட்டல் பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பாவும் அப்படியே வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள்.

நேற்றைய சாம்பார் ஓரத்தில் கொதிக்கும், நடுவில் சில்லென்று இருக்கும். பாதியில் நிறுத்திக் கிளறி, மறுபடி ஆவி பறக்கும் வரை சூடாக்கி, ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். இட்லிக்குத் தண்ணீர் தெளித்து, மூடியைச் சற்றுத் திறந்தாற்போல் வைத்தால் பஞ்சாக வரும். (காய்ந்த இட்லி என்றால் உப்புமாதான், வேறு வழியில்லை.)

ஓட்டோடு முட்டை வெடிக்கும். அவித்த முட்டையும்தான். குழந்தையின் பால் பாட்டிலை இதில் சூடாக்காதீர்கள். பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தாலும் உள்ளே பால் சில இடங்களில் வாயைச் சுடும்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, தீ தானாக அணையும்வரை காத்திருங்கள். அணையாவிட்டால் 101.