கருங்கண்ணிப் பருத்தி விவசாயிகள் – கைத்தறி நெசவாளர் சங்கம்: 2023-24 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கை நம் நாட்டு ரகமான கருங்கண்ணி விளையும் பருத்திக் காட்டையும் தறியையும் பற்றியது.

விதைப்பு புரட்டாசிக் கடைசியில் தொடங்கியது. விதையைச் சாணிப்பாலும் செம்மண்ணும் சேர்த்துப் பிசைந்து நிழலில் உலர்த்தியவர்களுக்கு விதை ஒட்டாமல் ஒவ்வொன்றாக விழுந்தது. மழைக்கு முன் காய்ந்த மண்ணில் போடும் புழுதி விதைப்பில் 5 செ.மீ. ஆழம் கட்டாயம். மேலாக விழுந்த விதை முதல் தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை வருமுன் கருகிவிட்டது. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரை அடி. 15ஆம் நாள் நெருக்கமான செடிகளைப் பிடுங்கிப் பயிர் கலைக்க வேண்டும். ஊடுபயிராக உளுந்து போட்ட காடுகளில் களைச் செலவு குறைந்தது.

டிசம்பர் 17, 18 மழையில் பள்ளக்காடுகளில் தண்ணீர் நின்றது. கரிசலில் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. இலை சிவந்து மொக்கு உதிரும். வடிகால் வெட்டிய காடுகள் தப்பின. மற்றவற்றில் செடி மறுபடி மொக்கு வைத்ததால் பருத்தி எடுப்பு சித்திரை வரை இழுத்தது. அந்தக் கடைசிக் காய்களில்தான் காய்ப்புழுச் சேதம் அதிகம்.

நெசவாளர்களின் புகாருக்கு வருவோம். சாயம் போட்ட துணியில் மயிர் போல வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. சாயத்தில் குறையில்லை. பருத்தியை யூரியாச் சாக்கில் அடைத்ததால் பிரிந்த பிளாஸ்டிக் இழை பஞ்சோடு போய் நூலுக்குள் முறுக்கிக்கொண்டது. பருத்திச் சாயம் அதில் ஏறாது. நூலான பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. சாக்கில் மிச்சம் பிடித்த காசு தறியில் பல மடங்காகப் போனது.

ஆகவே செயற்குழு முடிவு: எடுப்புக்குத் துணிப்பை மட்டுமே. பனி காய்ந்த பிறகே காட்டில் இறங்க வேண்டும். ஈரத்தோடு குவித்தால் பருத்தி மஞ்சள் பூக்கும். ஈரம் 8 சதவீதம் இருந்தால் நல்லது, 12-க்கு மேல் வாங்குவதில்லை. பல்லில் கடித்தால் விதை 'டக்'கென்று உடைய வேண்டும், நசுங்கக்கூடாது. காய் வெடித்ததும் கருங்கண்ணியின் பஞ்சுச் சுளை காயில் நிற்காமல் தொங்கிக் கீழே விழும். வாரம் ஒருமுறை எடுக்காவிட்டால் மண்ணும் சருகும் ஒட்டும். கறைபட்ட கொட்டுப் பருத்தியை நல்லதோடு கலந்து கொண்டுவருவதை இனி ஏற்பதற்கில்லை.

விதை பற்றி ஒரு வார்த்தை. பக்கத்துக் காட்டு மரபணு மாற்றிய பி.டி. பருத்தியோடு கருங்கண்ணி பூவில் கலப்பது அரிது. விதைகள் கலப்பதெல்லாம் பஞ்சையும் விதையையும் பிரிக்கும் அரைவை மில்லில்தான். எனவே விதைக்கான பருத்தியை நடு எடுப்பில் ஒதுக்கி, கையால் சுற்றும் மணையில் தனியாக அரைக்க வேண்டும்.

எடுப்பு முடிந்து நிற்கும் செடிகளான பருத்திமாரை வைகாசிக்குள் பிடுங்கிவிட வேண்டும். நின்றால் புழு அதிலேயே தங்கும். அடுத்த பருவத்துக்கு விதை வேண்டுவோர் ஆடி முடிவதற்குள் பெயர் கொடுக்கவும். துணிப்பைகள் அலுவலகத்தில் கிடைக்கும்.

செயலாளர்