கிறிஸ்துமஸ் துணி டிசைன் பத்தி உனக்கு ஒரு லெட்டர்

அன்பு தோழி,

எப்படி இருக்க, பசங்க நல்லா இருக்காங்களா, தையல் ஆர்டரெல்லாம் வருதா? இங்க அயர்லாந்துல, கார்க் ஊர்ல மழை விட்டபாடில்ல. புள்ளைங்க தூங்குனதும் லேப்டாப்ப தொறந்து துணி டிசைன் போட உக்காந்துடறேன். கிறிஸ்துமஸுக்கு ஸ்டாக்கிங் (பரிசு போட தொங்கவிடற காலுறை), டேபிள் ரன்னர் (மேஜை நடுவுல விரிக்கிற நீளத் துணி), முக்கோணத் தோரணம்னு தைக்கிறவங்களுக்கு ஐரிஷ் தீம்ல ஒரு காட்டன் பிரிண்ட் செட்.

ஐரிஷ்னாலே பச்சைல நாலு இலை க்ளோவரும் லெப்ரகானும்தான் (ஐரிஷ் கதைல வர்ற குட்டி மாயமனுஷன்) எல்லா இடத்துலயும், எனக்கு அதுல மனசே ஒட்டல. அயர்லாந்தோட சின்னமான ஷாம்ராக் செடிக்கு மூணு இலைதான்டி, அதுவும் மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் டேக்கு உரியது, கிறிஸ்துமஸுக்கு எதுக்கு? பச்சை மட்டும்தான் அயர்லாந்துனும் இல்ல, 1783ல ஆரம்பிச்ச செயின்ட் பேட்ரிக் ஆர்டர்ங்கிற வீரப்பட்டத்துக்கு நீலம்தான் கலர், இன்னிக்கும் ஜனாதிபதி கொடி நீலத்துல தங்க ஹார்ப்தான் (யாழ் மாதிரி வாத்தியம்). அதனால பேஸ் கலர் நீலம்னு முடிவு பண்ணிட்டேன், கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைக்கிற ஹாலி செடியோட பழ சிவப்பு அங்கங்க.

முக்கிய மோட்டிஃப் ஜன்னல் மெழுகுவர்த்தி. இங்க கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஜன்னல்ல மெழுகுவர்த்தி வைப்பாங்க, மேரிக்கும் ஜோசப்புக்கும் இந்த வீட்ல இடம் இருக்குனு அர்த்தம். மேரி ராபின்சன் ஜனாதிபதியா இருந்தப்போ நாட்ட விட்டுப் போன ஐரிஷ் மக்களுக்காக தன் மாளிகை ஜன்னல்ல ஒரு விளக்கு வச்சாங்க, ஊர விட்டு வந்தவ நான், எனக்கு அது எப்படி இருக்கும்னு உனக்கு சொல்லணுமா.

ஆனா மெழுகுவர்த்தி நிமிர்ந்தே நிக்கணும், துணிய திருப்பி வெட்டுனா படுத்துடும், அதனால அது ஸ்டாக்கிங்குக்கு மட்டும். தோரணத்துக்கு முக்கோணத்த ஒண்ணு நேரா ஒண்ணு தலைகீழா வெட்டுனாதான் துணி வீணாகாது, அதுக்கு ரென் குருவியும் ஹாலி இலையும் எல்லா பக்கமும் பாத்த மாதிரி இறைச்சு விட்டிருக்கேன், ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான், பெருசா போட்டா முக்கோணத்துல குருவிக்கு தலையே இருக்காது. ஏன் ரென்னுனா டிசம்பர் 26 இங்க ரென் டே, டிங்கிள்ங்கிற ஊர்ல வைக்கோல் டிரஸ் போட்டுக்கிட்டு மேளத்தோட தெருத்தெருவா போவாங்க, அந்த வைக்கோல் கோடுகளையே மெல்லிசா பின்னாடி டெக்ஸ்சரா விட்டேன், ரொம்ப அழகா வந்திருக்கு.

ரன்னர் பார்டர்தான் ரொம்ப நேரம் இழுத்துச்சு. 800 வாக்குல கையால எழுதுன கெல்ஸ் புத்தகம்ங்கிற பைபிள் சுவடி டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல இருக்கு, அதுல வர்ற மாதிரி பின்னல். புள்ளி வச்சு சிக்குக் கோலம் மாதிரியே போடலாம், ஆனா கோலத்துல கோடு சும்மா வெட்டிக்கிட்டுப் போகும், இதுல கயிறு ஒரு தடவ மேல போனா அடுத்த தடவ கீழ போயே ஆகணும். டிசைன் முடிஞ்சு மறுபடி ஆரம்பிச்சு சேர்ற இடத்துல அந்த வரிசை தப்புனா பார்டர் முழுக்க அதே இடம் துருத்திக்கிட்டு தெரியும், அதனால பக்கத்துல பக்கத்துல ஒட்டி வச்சுப் பாத்துதான் முடிச்சேன்.

சாம்பிள் துணி பிரிண்ட் ஆகி வந்ததும் ஒரு மீட்டர் உனக்கு அனுப்பறேன், ஒரு ஸ்டாக்கிங் தைச்சுப் பாரு. ஓரத்துல தையலுக்கு எவ்வளவு விடணும், மடிச்சு அடிக்கிறப்போ பின்னல் வெட்டுப்படுதானு கரெக்டா சொல்லு, அத வச்சு பார்டர் அகலத்த மாத்திக்கிறேன். அம்மாவ கேட்டதா சொல்லு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழி