'கறுவல்' என்ற சொல் குறித்துப் பிரித்தானியத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளை நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் தமிழ் வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில், 'கறுவல்' என்றால் யார் என்று என் ஒன்பது வயது மகள் கேட்டாள். வாசலில் காத்திருந்த பெற்றோர் சிலர், தங்கள் தெருவுக்குக் குடிவந்த நைஜீரியக் குடும்பத்தைப் பற்றி அந்தச் சொல்லால் பேசிக்கொண்டிருந்தார்களாம். அவளுடைய உற்ற தோழியின் பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். தோழியையும் அப்படித்தான் சொல்ல வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. கூடாது என்றேன். அந்த ஒற்றை வார்த்தை எனக்கே போதவில்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கறுப்பினத்தவரைக் குறிக்கும் 'கறுவல்', 'காப்பிலி' ஆகிய சொற்களை நம்மில் பலர் வசையென்று எண்ணிச் சொல்வதில்லை என்பதை அறிவேன். ஆயினும் வீட்டை வாடகைக்கு விடும்போதும், மகள் ஆபிரிக்க வம்சாவளி இளைஞர் ஒருவரை விரும்புவதாகச் சொல்லும்போதும் அவை எந்தத் தொனியில் ஒலிக்கின்றன என்பதையும் நாம் அறிவோம். ஜமேக்காப் பாட்டிக்கு இலண்டனிலேயே பிறந்த பேரனும், லாகோசிலிருந்து வந்த தாதியும், சோமாலிய அகதியும் அந்த ஒரு சொல்லுக்குள் ஊரையும் மொழியையும் இழந்துவிடுகிறார்கள். தெற்காசியர் எல்லோரையும் இழிவுபடுத்தும் 'பாக்கி' என்ற வசைச்சொல்லால் நம்மைத் திட்டியவர்களும் நம் ஊர் எதுவென்று கேட்டதில்லை.

நாம் இங்கு ஓரளவு மதிப்போடு வாழ்வதற்கு வழி திறந்தவர்களில் கறுப்பின மக்கள் முதன்மையானவர்கள். 1963இல் பிரிஸ்டல் நகரின் பேருந்து நிறுவனம் வெள்ளையர் அல்லாதோரை நடத்துநர்களாகவும் ஓட்டுநர்களாகவும் சேர்க்க மறுத்தபோது, மேற்கு ஆபிரிக்கத் தந்தைக்குப் பிறந்த போல் ஸ்டீபன்சனும் கரிபிய இளைஞர்கள் சிலரும் ஏப்ரல் இறுதியில் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 28 அன்று நிறுவனம் இறங்கிவந்தது. அடுத்த மாதம் அங்கே வெள்ளையரல்லாத முதல் நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். கரிபிய மக்கள் தொடங்கிய போராட்டத்தின் முதற்பயன் தெற்காசியர் ஒருவரின் கைக்கு வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இத்தகைய போராட்டங்களின் அழுத்தத்தில்தான் 1965இலும் 1968இலும் இனப்பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்கள் வந்தன. வேலையிலும் வாடகை வீட்டிலும் நிறம் பார்ப்பதை இரண்டாவது சட்டம் தடைசெய்தது. 1983க்குப் பின் ஏதிலிகளாக வந்து அறை தேடிய நம்மவருக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு ஏற்கெனவே இருந்தது.

இலங்கையின் 1958 கலவரத்திலிருந்து தப்பி இலண்டனுக்கு வந்த அ. சிவானந்தன், அதே ஆண்டில் அந்நகரின் நாட்டிங் ஹில் பகுதியில் கரிபிய மக்கள் மீது நடந்த தாக்குதல்களைக் கண்டார். இரண்டும் ஒரே வலி என்று கண்டுகொண்ட அத்தமிழர், பின்னாளில் இங்குள்ள இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தை நீண்டகாலம் வழிநடத்தினார். நீங்கள் நடத்தும் இந்த வார இறுதிப் பாடசாலைக்கும் முன்னோர் உண்டு: கரிபியப் பிள்ளைகள் பலரைக் கல்வித்திறன் குறைந்தவர்களென முத்திரையிட்டுத் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பிய காலத்தில், அவர்களின் பெற்றோர் தாங்களே துணைப் பாடசாலைகளைத் தொடங்கினார்கள். டிரினிடாட்டில் பிறந்த எழுத்தாளர் ஜோன் லா ரோஸ் 1969இல் வட இலண்டனில் தொடங்கியது அவற்றுள் ஒன்று.

இத்தனைக்குப் பிறகும், 1973க்கு முன்னரே முறையாக வந்து குடியேறிய கரிபிய முதியவர்கள் பலர், தாளில் சான்று இல்லை என்பதற்காக வேலையையும் மருத்துவத்தையும் இழந்தார்கள் என்பதும், சிலர் நாடுகடத்தப்பட்டார்கள் என்பதும் 2018இல் வெளிச்சத்துக்கு வந்தன. விசாக் கடிதங்களை இன்றும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் நம் பெற்றோருக்கு அந்த அச்சம் புதிதன்று.

ஆகவே, பாடசாலை வளாகத்தில் இச்சொற்களைப் பயன்படுத்துவதில்லை என்று ஆசிரியர்களும் பெற்றோரும் உடன்பட வேண்டுமென வேண்டுகிறேன். ஒருவரின் நாடு தெரிந்தால் அதைச் சொல்லலாம். பொதுவாகச் சொல்ல 'கறுப்பினத்தவர்' என்ற சொல் இருக்கிறது. கறுப்பின வரலாற்று மாதமான ஒக்டோபரில் ஒரு வகுப்பையேனும் இதற்கென ஒதுக்குங்கள். பிரிஸ்டல் போராட்டத்தை எளிய தமிழில் பாடமாக எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

வரும் தைப்பொங்கல் விழாவுக்கு என் மகளின் தோழியும் வர விரும்புகிறாள். அவளை அழைத்துவருவதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
இலண்டன்