புறாக்களை விற்றுவிட்டீர்களாமே, அக்கா

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். குளிர் குறைந்துவிட்டது. மூட்டுவலி மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

போன வாரம் நீ போனில் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. உன் மகனுக்குப் பிளஸ் டூ வந்துவிட்டது என்று மாடியில் அவன் வளர்த்த புறாக்களை விற்றாயிற்று, சிலம்பமும் கிடையாது, ஸ்கூல் விட்டதும் நேராக நீட் கோச்சிங் என்றாய். பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் பிள்ளைகளுக்கு நிம்மதி என்று நினைக்காதே. நாலாம் வகுப்பு முடிந்ததுமே, பத்து வயதில், யாருக்கு எந்தப் பள்ளி என்று பிரித்துவிடுகிறார்கள். கீழ்வீட்டு அம்மா அந்த வருடம் முழுக்கக் கவலையில் கிடந்தார். ஆனால் படிப்பை விட்டால் வேறு கதியில்லை என்ற பயம் இங்கே குறைவு. என்னோடு வேலை பார்க்கிற பையன் பதினாறு வயதில் தொழில் பழக வந்தவன். சில நாள் பட்டறை, சில நாள் தொழிற்பள்ளி, கையில் சம்பளம். யாரும் அவனை இளப்பமாகப் பார்ப்பதில்லை.

அந்த நிலைக்கு வருவதற்கு முன் இவர்களும் நிறையப் பட்டிருக்கிறார்கள். ‘சித்தார்த்தா’ எழுதிய ஹெர்மன் ஹெஸ்ஸே பக்கத்து ஊர்க்காரர்தான். (மலையாள அகராதி தொகுத்த குண்டர்ட் இவருடைய தாய்வழித் தாத்தா.) 1906இல் ‘உன்டர்ம் ராட்’ என்று ஒரு நாவல் எழுதினார். ‘சக்கரத்தின் அடியில்’ என்று அர்த்தம். ஹான்ஸ் என்ற கெட்டிக்காரப் பையன் அரசுத் தேர்வு எழுத இதே ஸ்டுட்கார்ட்டுக்கு வருகிறான். இரண்டாம் இடம் வாங்குகிறான். அந்தத் தேர்வுக்காக அவன் வளர்த்த முயல்களை வீட்டில் எடுத்துவிட்டார்கள், மீன் பிடிக்கவும் விடவில்லை. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது உன் மாடிதான் கண்ணில் வந்தது, அக்கா. தேர்வு முடிந்த லீவிலும் கிரேக்கம், கணக்கு என்று அவனை உட்கார வைக்கிறார்கள். அந்தத் தேர்வில் ஜெயித்துச் சேர்ந்த மௌல்பிரான் மடாலயப் பள்ளியில் தலைவலியோடு தொடங்கி மெல்ல மெல்ல உடைந்து, ஊர் திரும்பி, மெக்கானிக் பட்டறையில் சேர்ந்து, கடைசியில் ஆற்றில் பிணமாகக் கிடைக்கிறான். அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் இவர்களுக்கும் பங்குண்டு என்று, சவ அடக்கத்துக்கு வந்த வாத்தியார்களைக் காட்டி ஒரு செருப்புத் தொழிலாளி சொல்கிறார். ஹெஸ்ஸேயே 1892இல், பதினாலு வயதில், அந்தப் பள்ளியிலிருந்து ஓடிப்போனவர்.

நம்ம மதுரையை வைத்து 2004இல் வந்த ‘காதல்’ படம் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் போகிற அந்தப் பெண்ணையும் மெக்கானிக் பையனையும் பிரிப்பவர்கள் யார் என்று படத்தில் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஹான்ஸைச் சுற்றியிருந்தவர்களோ எல்லாரும் அவன் நல்லாயிருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள். நான் பயப்படுவது இதற்குத்தான். உன்னையும் மச்சானையும்விட உன் மகன்மேல் பிரியம் வைத்தவர்கள் யார்? அந்தப் பிரியத்தை எதிர்த்து அவன் யாரிடம் போய் முறையிடுவான்?

பிளஸ் டூ தேர்வில் முதலிடம் யார் என்று அறிவிப்பதை நம் தமிழ்நாட்டு அரசாங்கமே 2017இல் நிறுத்திவிட்டது. நம் தெருமுனையில் பிளக்ஸ் போர்டு மட்டும் இன்னும் ஓயவில்லை. 1904இல் நம்ம சேதுபதி பள்ளியில் வாத்தியாராக இருந்த பாரதி, ‘மாலை முழுதும் விளையாட்டு’ என்று பாடினார். அதைச் சின்ன வயதில் நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

கோச்சிங்கை நிறுத்தச் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாளாவது சிலம்பத்துக்குப் போகட்டும். அப்புறம், சீட்டு கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம் என்று நீயும் மச்சானும் அவனோடு இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைப்பான். அவனுக்குப் பறவைகள் என்றால் உயிர். கால்நடை மருத்துவத்துக்கு நம் மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். அதைப் பற்றி அவனிடம் யாராவது பேசியிருக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். போனை அவனிடம் கொடு. மார்க் பற்றி எதுவும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
உன் தம்பி