மெஸ்ஸிக்கு முன்பே ஒருவர்

ஆசிரியருக்கு,

ஸ்பெயினின் பார்சிலோனா கால்பந்து அணியின் கோல் சாதனைகள் பற்றிய உங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரையில் அதன் பழைய வீரர் பவுலினோ அல்காந்தரா விடுபட்டது எனக்கு வருத்தம். பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் 1896-ல் பிறந்தவர். பதினைந்து வயதில் அந்த அணிக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல். நட்பு ஆட்டங்களையும் சேர்த்தால், 2014-ல் மெஸ்ஸி முந்தும்வரை கிளப்பின் அதிக கோல் இவருடையதுதான்! 1917-ல் டோக்கியோவில் பிலிப்பைன்ஸுக்காகவும் ஆடினார். ஜப்பான் 15-2 எனச் சுருண்டது. அரைக்கால் சட்டையின் இடுப்பில் வெள்ளைக் கைக்குட்டை செருகியபடி களமிறங்குவாராம். 1922-ல் பிரான்சுக்கு எதிராக ஸ்பெயினுக்கு ஆடியபோது, அவர் உதைத்த பந்து வலையையே கிழித்துக்கொண்டு போனது. கோல்கீப்பர் தப்பித்தார்! அப்படிப்பட்டவர் 1927-ல், முப்பது வயதில், பந்தை விட்டுவிட்டு மருத்துவத் தொழிலுக்குப் போய்விட்டார். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், மதுரை